சுனையில் கால் கழுவாதவர்கள்

சுனைப்பட்டியில் மாமரங்கள் மலையேறிய வருஷத்தில் மழையும் பெய்தது, வெயிலும் அடித்தது, ஏழெட்டுக் கல்யாணம் நடந்தது, இரண்டு சாவு விழுந்தது. ஆகவே அதை ஒரு தனி வருஷம் என்று ஊரில் யாரும் குறித்து வைக்கவில்லை. மரம் நடக்குமா என்று கேட்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது. மேலே சொல்கிறேன்.

மரங்கள் பரமத்தாயுடையவை. மொத்தம் இருபத்தொன்று. மேற்கு மலையின் அடிவாரத்தில், தார் ரோட்டுக்குக் கிழக்கே, அவளுக்கு ஒரு ஏக்கர் பட்டா நிலம் உண்டு. புருஷன் பாம்பு கடித்துச் செத்த வருஷம் அதில் கன்று வைத்து, ஊர்க்கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றி, ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரை சுண்ணாம்பால் நம்பர் போட்டு வளர்த்தாள். பிள்ளை கிடையாது. வேறு நிலம் கிடையாது. அந்த மரங்கள் காய்த்தால் அவள் சாப்பிடுவாள், காய்க்காவிட்டால் அடுத்தவர் காட்டில் களையெடுப்பாள். அவளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஐந்தாறு வருஷமாகவே வெக்கை கூடிக்கொண்டுதான் வந்தது. பூ கருகியது, பிஞ்சு கோலிக்குண்டு அளவில் உதிர்ந்தது, ராத்திரியிலும் தரை சூடு ஆறவில்லை, கோழி மதியத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்த வருஷம் மாசி மாதம், பூத்துக் குலுங்க வேண்டிய மரங்கள் ஒரு பூக்கூடப் பூக்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இருந்த இடத்திலிருந்து ஒரு தென்னை உயரம் மேற்கே தள்ளி நின்றன. அதே வரிசை, அதே இடைவெளி, ஏழு ஏழாக மூன்று வரிசை. பரமத்தாய் வந்து பார்த்தாள். ஒன்று முதல் இருபத்தொன்று வரை எண்ணினாள். சரியாக இருந்தது. தண்ணீர்க் குடத்தை மறுபடி தலைக்குத் தூக்கி, ஒரு தென்னை உயரம் கூடுதலாக நடந்துபோய் ஊற்றினாள்.

பார்த்துக்கொண்டே இருந்தால் மரம் நகராது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் இரண்டு முழம் தள்ளி நிற்கும். வேர்கள் நாற்றுநடவில் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற மாதிரி மண்ணைவிட்டு வெளியே வந்து, முன்னால் ஊன்றி, மறுபடி உள்ளே போயின. வந்த வேரில் ஒரு துளி மண் ஒட்டியிருக்கவில்லை. அலசி எடுத்த வெங்காயத் தாளின் வேர்போல வெள்ளையாக இருந்தது. மரம் விட்டுப்போன குழிகளில் மண் அப்படியே கிடந்தது. கறுப்பாக, ஈரமாக, மண்புழுவும், வெள்ளை நூல்போலப் பின்னிக் கிடந்த பூஞ்சையும், பேர் தெரியாத சிறிசும் பெரிசுமாக. அவற்றில் எதுவும் மரத்தோடு போகவில்லை. அவற்றுக்கு அத்தனை வேகம் வராது. அப்போது அதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மரங்கள் தார் ரோட்டைக் கடக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் டவுன் பஸ் மரங்களுக்குத் தெற்கே ஒன்றும் வடக்கே ஒன்றுமாக நின்றது. ஆட்கள் இந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கி மரங்களுக்கு நடுவே நடந்துபோய் அந்தப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் அதற்குப் புது டிக்கெட் போடவில்லை. நடுவில் நிழல் நன்றாக இருக்கிறதென்று சிலர் அங்கேயே உட்கார்ந்து ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை இரண்டு நாளைக்கு அங்கே மாற்றிப் போட்டார். லைன்மேன் வந்து கம்பியை இழுத்துக் கட்டினார். கிராம நிர்வாக அலுவலர் தங்கமலை, அடங்கல் கணக்கில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரே பயிர் என்ற இடத்தில் மாமரம் இருபத்தொன்று என்றும், குறிப்பு என்ற இடத்தில் 'வெளியே சென்றுள்ளது' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாமரம் மட்டும் போகவில்லை. மொச்சைக்கொடி ஒன்று வேலி வேலியாகத் தாவிப் போனது. காமக்காள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி மூன்று வீடு மேற்கே போய், வாத்தியார் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. அதற்குமேல் போக மனசில்லை போலிருக்கிறது. யாருடைய செடி என்று காமக்காளுக்கும் வாத்தியார் சம்சாரத்துக்கும் எட்டு நாள் பேச்சு நடந்து, ஒன்பதாம் நாள் இருவருமே பறித்துக்கொள்வது என்று முடிந்தது. "போன செடி திரும்பி வந்தா மறுபடி பேசுவோம்" என்றாள் காமக்காள். வரவில்லை.

ஒரு மண்டலம் நடந்து, சித்திரை பிறந்த மூன்றாம் நாள், மலைப்பாதையில் உள்ள சுனைக்கு மேலே தொட்டிமேடு என்கிற சமதளத்தில் இருபத்தொரு மரமும் நின்றன. அங்கே காற்று குளிர்ச்சி. சாயங்காலம் பனி இறங்கும். அதற்கப்புறம் அவை நகரவில்லை. அது காட்டு இலாகா நிலம்.

வனக்காவலர் இருதயராஜ் வந்து மரங்களைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

"எத்தன மரம்மா?"

"நம்பர் போட்ருக்கேன், பாருங்க."

"யாரு கொண்டாந்து நட்டது?"

"அதுகளா வந்துச்சு."

"அது எனக்கும் தெரியும். நானும் பஸ் மாறித்தான ஏறுனேன்." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இங்க பாரும்மா. ஆவணி முடிய டைம் தர்றேன். உசுரோட நின்னா உன் மரம், பழத்தப் பொறுக்கிக்க, நான் கண்டுக்க மாட்டேன். பட்டுப்போச்சுன்னா அது காட்டுல கெடக்குற பட்ட மரம். ஏலத்துல விறகுக்குப் போயிரும். அப்ப எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"எதுக்குப் பட்டுப்போகுது? நான் தண்ணி ஊத்துறேன்ல."

ஊற்றினாள். சித்திரை முழுக்க, வைகாசி முழுக்க, தினமும் காலையில் குடத்தோடு மலையேறினாள்.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுனைக்கு மேலே உள்ள மலை முழுக்கச் சாமியுடையது. சுனையில் நின்று, செருப்பைக் கழற்றி வைத்து, முழங்கால்வரை காலைக் கழுவி, விரல் இடுக்கைத் தேய்த்து, கீழ்மண் ஒரு பொட்டுக்கூட இல்லாமல்தான் மேலே அடி வைக்க வேண்டும். ஆடு ஓட்டிப் போகிறவன் ஆட்டின் குளம்பைக்கூடத் தண்ணீரில் நனைத்துத்தான் விடுவான். சுனைப்பட்டிக்காரர்கள் இதில் மட்டும் பிசகமாட்டார்கள். பரமத்தாய் தினமும் கழுவினாள். குடத்தின் அடியையும் கழுவினாள்.

வைகாசி நடுவில் இலைகள் மஞ்சளடித்தன. பிறகு நுனி கருகியது. தண்ணீர் வேரடியில் தேங்கி நின்றதே தவிர மரம் குடிக்கவில்லை. பட்டையைக் கீறிப் பார்த்தால் பச்சை குறைந்துகொண்டே வந்தது. அவள் நிலத்தில் நின்றபோது வாரம் ஒருமுறை தண்ணீர் போதும் என்றிருந்த மரங்கள், குளிர்ந்த இடத்தில், ஈரத்தில் நின்றுகொண்டு தாகத்தில் செத்துக்கொண்டிருந்தன.

ஊர் கூடியது. யாருக்கும் பரமத்தாயின் மரம் சாக வேண்டும் என்று இல்லை. பூசாரி பொன்னாங்கன், எழுபது வயது, கட்டைக்குரல், முடிவை அவர்தான் சொன்னார்.

"ஊர்விட்டு ஊர் போற சாமிக்கு என்ன செய்யிறோம்? பிடிமண் எடுத்துக் கொடுக்குறோம். பழைய கோயில் மண்ணு ஒரு பிடி போனாத்தான் புதுக் கோயில்ல சாமி உக்காரும். மரத்துக்கும் அதான். பொறந்த எடத்து மண்ணு வேணும் அதுக்கு."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. சொன்னதெல்லாம் சரி. செய்தது தப்பு.

எப்படிச் செய்தார்கள் என்றால், சாமி மலைக்குப் போகிற மண் சுத்தமாக இருக்க வேண்டும் என்று, பரமத்தாய் நிலத்தின் குழிகளிலிருந்து இருபத்தொரு பிடி மண் எடுத்து, வெள்ளைத்துணியில் சலித்து, புழு பூச்சி வேர்த்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிக் கீழேயே போட்டு, பாறையில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கொழுந்துவிட்டெரிகிற கற்பூரத்தை அதன்மேலே காட்டி, கிழங்கு மஞ்சளை இடித்து மண்ணும் மஞ்சளும் ஒன்றுக்கு ஒன்றாகக் கலந்து, பித்தளைத் தாம்பாளத்தில் குவித்து, மேளத்தோடு மலையேற்றினார்கள். சுனையில் எல்லாரும் கால் கழுவினார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பிடி வைத்தார்கள். மண் சந்தனப்பொடிபோல இருந்தது. வாசம் நன்றாக இருந்தது. அதில் உசுர் என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆனியில் பதினாறாம் நம்பர் மரத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. அடுத்து நான்காம் நம்பரில்.

"பொறுத்துப் பாரு, ஆத்தா" என்றார் பொன்னாங்கன்.

"எத்தன நாளு?"

"அது சாமிக்குத் தெரியும்."

"இருதயராஜுக்கும் தெரியும். ஆவணின்னு சொல்லிட்டாரு" என்றாள் அவள்.

பரமத்தாயின் கொழுந்தன் வீரணனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நாற்பது வயது. ஒரு வேலையைத் தொடங்கினால் பாதியில் சாப்பாட்டு நேரம் வந்துவிடும் அவனுக்கு. மீன் பிடிக்கிறதில் மட்டும் பொறுமை உண்டு. சாமி மலையில், சுனைக்கு மேலே, பாறைப்பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் கெண்டை இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். அங்கே தூண்டில் போடக் கூடாது என்றும் தெரியும்.

ஆனி கடைசியில், ஊரெல்லாம் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு மதியம், வீரணன் மதினியின் காலி நிலத்துக்குப் போய், எட்டாம் நம்பர் மரம் நின்ற குழியைத் தோண்டி, ஒரு ஊறுகாய் டப்பா நிறைய மண்புழுவும், புழு சாகாமலிருக்க அதே ஈரமண்ணும் அள்ளிக்கொண்டு, காலிலும் டயர் செருப்பிலும் அப்பிய சேற்றோடு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற அவசரத்தில் சுனையில் நிற்காமல், கால் கழுவாமல், நேராக மேலே ஏறினான். ஏறின களைப்பு. குளிர்ந்த காற்று. முதலில் ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவன் தூங்கிப்போனான். கால் பட்டு டப்பா கவிழ்ந்தது. எழுந்து பார்த்தபோது புழுவெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. செருப்பில் காய்ந்த சேற்றைக் கல்லில் தட்டி உதிர்த்துவிட்டு, மீன் இல்லாமல் இறங்கி வந்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அவன் தூங்கியதும் எட்டாம் நம்பர் மரத்தடியில்தான். அது தற்செயல். அந்த மரத்துக்குத்தான் அதிகமாக இலை மிச்சமிருந்தது, அதனால் நிழல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆடி இரண்டாம் நாள், குடத்தோடு போன பரமத்தாய், எட்டாம் நம்பர் மரத்தின் கிழக்குக் கிளையில் செம்புநிறத்தில் துளிர் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். மற்ற இருபதையும் போய்ப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. திரும்பி வந்து எட்டாம் நம்பர் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

சேதி கேட்டு ஊர் ஏறி வந்தது. பொன்னாங்கன், தாம்பாளத்திலிருந்து எட்டாவது பிடியைத் தான்தான் தன் கையால் வைத்ததாகச் சொன்னார். நாலு பேர் ஆமாம் என்றார்கள். எல்லாரும் இறங்கின பிறகு பரமத்தாய் மரத்தடியைத் தோண்டிப் பார்த்தாள். கறுப்பாக ஒரு கட்டி மண். அதன் ஒரு பக்கத்தில் டயர் பட்டையின் தடம். அதைப் பிட்டால் உள்ளே வெள்ளை நூல், பிட்ட இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டு, மரத்தின் சல்லிவேர்வரை ஓடியிருந்தது. பக்கத்தில் ஒரு புழு. பக்கத்துப் புதரில் ஒரு ஊறுகாய் டப்பா.

வீரணன் வீட்டு வாசலில் டப்பாவை வைத்தாள்.

"கொழுந்தனாரே, இது யாருது?"

"எனக்கென்ன தெரியும் மதினி? ஊர்ல எல்லாரும்தான் ஊறுகா திங்கிறாக."

"மூடியில மிளகாத்தூளுன்னு எழுதியிருக்கு. ஒங்க பொண்டாட்டி கையெழுத்து."

உள்ளே இருந்து அவன் பொண்டாட்டி, "நான் தேடிக்கிட்டே இருக்கேன் அந்த டப்பாவ" என்றாள்.

வீரணன் டப்பாவைப் பார்த்தான். "மீனு ஒண்ணும் பிடிக்கல மதினி. சத்தியமா. தூங்கிட்டேன்."

"கால் கழுவுனீங்களா?"

வீரணன் டப்பாவைக் கையில் எடுத்துத் துடைத்தான்.

"கழுவலேல்ல?"

"அவசரத்துல..."

"நல்லாருங்க" என்றாள். கேலி பண்ணுகிறாளா, சபிக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டுமில்லை.

மறுநாள் காலை ஊர் கூடியது. கால் கழுவாமல் மலையேறியதை ஒப்புக்கொண்டு வீரணன் கூட்டத்தின் காலில் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கச் சொல்கிறவரை அப்படியே கிடந்தான். படுத்திருப்பது அவனுக்குக் கஷ்டமில்லை. பிறகு பரமத்தாய் எழுந்து நின்று, மண்ணைச் சலிக்காமல், காயவைக்காமல், மஞ்சள் போடாமல், புழுவோடும் பூஞ்சையோடும், ஈரத்தோடும் நாத்தத்தோடும் கூடையில் அள்ளி மேலே கொண்டுபோக உத்தரவு கேட்டாள்.

"சாமி மலைக்கு?" என்றார் பொன்னாங்கன்.

"மரத்துக்கு."

"அழுக்க அள்ளித் தலையில வச்சுக்கிட்டு சுனையத் தாண்டுவேங்குற."

"சாமிக்குப் புழு ஆகாதுன்னா சாமி மலையில எதுக்குப் புழு இருக்கு?"

"அது மலைப்புழு."

"அந்த மண்ணத் தின்னு இந்த மரத்துக்குப் பழக்கமில்ல பூசாரி. இது கீழ்ப்புழுவத் தெரிஞ்ச மரம். நீங்க ஒங்க மக வீட்டுக்குப் போனாலே ரெண்டு நாளு வயிறு சரியில்லேங்கிறீக."

சிலர் சிரித்தார்கள். பொன்னாங்கன் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்துப் பேசியவர் தங்கமலை. அவர் சொன்னது வேறு. "மரம் போச்சு. மண்ணாவது இருக்குன்னு நெனச்சோம். அதையும் நீயே அள்ளிக் கொண்டுபோயிட்டா கீழ என்ன மிஞ்சும்? நாளைக்கு எல்லாரும் அள்ளுவாக. ஊரு வெறும் சரளையா நிக்கும்."

அது நியாயமான கேள்வி. ஊர் உத்தரவு தரவில்லை.

ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள், நல்ல வெயிலில், ஊர்ப் பெண்கள் சுனையில் துணி அலசிக்கொண்டிருந்த நேரத்தில், பரமத்தாய் முதல் குழி மண்ணைக் கூடை கொள்ள வெட்டி வைத்து, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடி, தலையில் ஏற்றி, கூடையிலிருந்து சேற்றுநீர் நெற்றியில் வழிய, கழுத்தில் ஒரு புழு நெளிய, இரண்டு காலிலும் சேறு அப்ப, சுனைக்கு வந்தாள். பெண்கள் துணியை அலசுவதை நிறுத்தினார்கள். அவள் நாற்பத்தெட்டு வயதுவரை ஒருநாளும் கழுவாமல் தாண்டியதில்லை. கால் தன்னால் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. நின்றாள். காலைத் தண்ணீரில் விடாமல் இழுத்து, மேலே வைத்தாள். காலின் அச்சு பாறையில் கறுப்பாகப் பதிந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஒருத்தியும் தடுக்கவில்லை. ஒருத்தியும் கூடப் போகவும் இல்லை. பாறை இடிந்து விழுகிறதா என்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, துணியை அலசினார்கள்.

ஒரு மரத்துக்கு ஏழு கூடை. ஒரு நாளைக்கு அவளால் ஐந்து கூடைதான் முடிந்தது.

ஐந்தாம் நாள் காமக்காள் ஒரு கூடையோடு வந்தாள். "என் கறிவேப்பிலைக்கும் வாத்தியார் வீட்டு வாசல்ல எல வெளுத்துருச்சு. அதுக்கு ஒரு கூடை போட்டேன். கூடை கையில இருந்துச்சு, வந்துட்டேன்" என்றாள். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. ஏழாம் நாள் வீரணன் வந்தான். அவன் ஒரு நாளைக்கு ஒரு கூடை சுமந்தான், மேலே போய்த் தூங்கினான், ஆனாலும் வந்தான். பத்தாம் நாள் வாத்தியார் சம்சாரம். பதினைந்தாம் நாள் துணி அலசின பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். பொன்னாங்கன் மட்டும் சுனையில் உட்கார்ந்து, போகிற ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் நம்பர் துளிர்த்தது, இரண்டு துளிர்த்தது, மூன்று துளிர்த்தது. இருபதாம் நாள் பொன்னாங்கன் ஒரு கதை சொன்னார்: அவருடைய பூட்டன் காலத்தில் கீழ்மண்ணைக் காலில் பூசிக்கொண்டுதான் மலையேறுவார்களாம், நடுவில் வந்த யாரோ மாற்றிவிட்டார்களாம். யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து சுனைப்பட்டியில் மலையேறுகிறவர்கள் சுனையில் நின்று, முழங்கால்வரை சேறு பூசி, விரல் இடுக்கிலும் அப்பிக்கொண்டு மேலே போகிறார்கள். ஆட்டின் குளம்பிலும் பூசுகிறார்கள். பிசகுகிறவனை ஊர் கூட்டிக் கேட்கிறார்கள்.

ஆவணி கடைசி நாள் இருதயராஜ் வந்து எண்ணினார். பதினேழு மரம் துளிர்விட்டிருந்தது. நான்கு மரம், கூடை போய்ச் சேருவதற்குள் பட்டுப்போனவை. பதினாறாம் நம்பர், பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.

"அந்த நாலும் போயிரும்மா" என்றார்.

"தெரியும்."

"ஆடி மொதல்லயே தொடங்கியிருந்தா..."

"மொத நாளே நான் கால் கழுவாம வந்திருந்தா எதுவுமே செத்திருக்காது" என்றாள் பரமத்தாய். "நான்தான் தெனமும் நல்லாத் தேச்சுக் கழுவுனேன்."

நான்கையும் வெட்டிக் கீழே இறக்கி லாரியில் ஏற்றிப்போனார்கள். அவள் நம்பரைச் சுரண்டி எடுக்கவில்லை. நம்பரோடே போயின.

கீழே, தங்கமலை சொன்னபடியே ஆயிற்று. அவள் நிலம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகி, சரளையும் சுண்ணாம்புக் கல்லுமாக வெள்ளையடித்துக் கிடந்தது. வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. நாய்கூடக் குறுக்கே போகாமல் சுற்றிப் போயிற்று. தங்கமலை அடங்கலில் பயிர் என்ற இடத்தில் கோடு போட்டார். பரமத்தாய் மாமரங்களைப் பார்க்க மலைக்குப் போய்வந்தாள், களையெடுக்கவும் போனாள். அந்தப் பள்ளத்தின் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

புரட்டாசியில் ஒருநாள் காலை அந்தப் பள்ளத்தில் ஒன்பது பனைமரம் நின்றது.

ஊர் போய்ப் பார்த்தது. யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "பனை" என்றார்கள். "கெழக்க இருந்து வந்துருக்கு" என்றார்கள். அடிமரத்தில் ஆள் ஏறி ஏறித் தேய்ந்த தடம் இருந்தது, ஆகவே யாரோ ஒருவருடைய மரம். வேரெல்லாம் வெள்ளையாக, சுத்தமாக, சரளையில் குத்தி நின்றது. நாலைந்து நாளில் அடி ஓலைகள் மஞ்சளாயின. பரமத்தாய் தினமும் வந்து பார்த்தாள். தண்ணீர் ஊற்றவில்லை. அதில் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பத்தாம் நாள் ஆள் வந்தார். பேர் பொன்னுலிங்கம். அறுபதை ஒட்டிய வயது, நெஞ்சில் மரம் உராய்ந்த காய்ப்பு, இடுப்பில் பாளை சீவுகிற அரிவாள், தோளில் சுருட்டிய ஒரு சாக்கு. கடலோரத்துச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து ஆடி மாதம் புறப்பட்டு, என் பனை இந்தப் பக்கம் போச்சா, என் பனை இந்தப் பக்கம் போச்சா என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். மரங்களைக் கண்டதும் ஓடவில்லை. ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணினார். ஒன்பது வந்ததும் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது முறை. வீரணன் பொண்டாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் எழுந்து, செருப்பைக் கழற்றி, வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார்.

"கழுவாதீங்கண்ணே" என்றாள் பரமத்தாய். செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "அப்படியே மரத்துக்கிட்டப் போங்க. ஒங்க ஊரு மண்ணு காலுல இருக்கும்."

அவர் தன் காலைப் பார்த்தார். இரண்டு மாதம் நடந்து வெடித்த கால். மண்ணில்லாத கால்.

"எங்க தாயி இருக்கும்? வழியில எத்தன ஊரு. நல்ல சனங்க. ஒவ்வொரு ஊர்லயும் தண்ணி குடுத்தாங்க. ஒவ்வொரு ஊர்லயும் கழுவிட்டேன்."

பரமத்தாய் அரிவாளைப் பார்த்தாள். தீட்டித் தீட்டிப் பளபளவென்று இருந்தது. செருப்பைப் புரட்டிப் பார்த்தாள். வழியில் எங்கேயோ வாங்கின புதுச் செருப்பு. அவருடைய நகக்கண்ணைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. பனையோலை ஒன்று காய்ந்த சத்தத்தோடு கீழே விழுந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஊர்ல மரத்தடியில எதுமேல படுப்பீங்க?" என்று கேட்டாள்.

"இந்தச் சாக்குதான். இருபது வருசமா இதான்."

"தொவச்சிருக்கீங்களா?"

பொன்னுலிங்கம் அங்கே நின்ற அத்தனை பேரையும், வீரணன் பொண்டாட்டியையும், கீழே இருந்த செம்பையும் ஒருமுறை பார்த்தார். முன்பின் தெரியாத ஊரில், பெண்கள் முன்னால், அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இல்ல தாயி" என்றார். "ஒரு தடவகூட இல்ல."

"நல்லது" என்றாள் பரமத்தாய். தன் நிலத்துக்குள் முன்னால் இறங்கி, முதல் பனையின் அடியில் சரளையைக் கையால் ஒதுக்கிக் குழி பறித்தாள். "வாங்க. வந்து உதறுங்க."